கஸ்டம் ஃபர்ம்வேர் ஏற்றியபின் எழாத கேமரா: அறிகுறியைப் பார்த்து மீட்பது எப்படி?

புது ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடும் மென்பொருளை) எழுதி முடித்தாயிற்று, பவரைக் கழற்றி மாட்டியாயிற்று, கேமரா எழவில்லை. அந்த நிமிடத்தில் கை தானாக இன்னொரு கோப்பைத் தேடி, அதையும் ஏற்றிப் பார்க்கப் போகும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். என் கையில் வந்த கேமராக்களில் உண்மையிலேயே மோசமான நிலைக்குப் போனவை, முதல் தவறால் போனவை அல்ல. பதற்றத்தில் செய்த இரண்டாவது, மூன்றாவது முயற்சியால் போனவை. கெர்னல் மட்டும் கெட்டிருந்த கேமராவில் பூட்லோடரையும் சேர்த்து அழித்திருப்பார்கள். கால் மணி நேர வேலை, சிப்பில் கை வைக்கும் வேலையாகிவிடும்.

எனவே வரிசை இதுதான். கேமரா எந்தப் படிவரை எழுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஃபிளாஷில் இப்போது இருப்பதை, கெட்டதாகவே இருந்தாலும், ஒரு நகல் எடுங்கள். எழுதுவது அதற்குப் பிறகுதான்.

படிகள் என்றால் இவை. பவர் வந்ததும் பிராசசருக்குள்ளேயே பொறிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் ஓடும். இதை பூட் ரோம் என்பார்கள். உங்களால் இதை அழிக்க முடியாது, அதனால்தான் மீட்பு சாத்தியமாகிறது. பூட் ரோம், பக்கத்தில் இருக்கும் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பிலிருந்து பூட்லோடரை எடுத்து ஓட்டும். வீட்டுக் கேமராக்களில் அது பெரும்பாலும் யூ-பூட். யூ-பூட், லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும். கெர்னல், நிரல்கள் எல்லாம் இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்யும். வைஃபை, படம் அனுப்பும் ஸ்ட்ரீமர் எல்லாம் கடைசிப் படி. எந்தப் படி கடைசியாகப் பேசியதோ, அதற்கு அடுத்த படியில்தான் கோளாறு.

அறிகுறி: லைட் எரிகிறது, நெட்வொர்க்கில் மட்டும் காணோம்

இது பிரிக் (செங்கல்போல எதற்கும் அசையாத நிலை) இல்லை. ஃபர்ம்வேர் மாறியதும் கேமராவின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) மாறியிருக்கலாம். ரூட்டர் வேறு ஐபி கொடுத்திருக்கும். பழைய ஐபியையே தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பதில் வராது. ரூட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, கேமராவின் பவரை எடுத்துவிட்டு ஒருமுறை, போட்டுவிட்டு ஒருமுறை பாருங்கள். புதிதாக எது தோன்றுகிறதோ அதுதான்.

பட்டியலிலும் இல்லையென்றால் போனில் வைஃபை தேடுங்கள். திங்கினோ என்ற கஸ்டம் ஃபர்ம்வேரை ஏற்றியிருந்தால், வைஃபை விவரம் இன்னும் கொடுக்கப்படாத கேமரா தானே ஒரு ஹாட்ஸ்பாட்டைத் திறக்கும். அதன் பெயர் திங்கினோ என்றே தொடங்கும். மறந்துவிட வேண்டாம், இவ்வகைக் கேமராக்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். முதல்முறை எழும்போது ஓவர்லே பகுதியை (உங்கள் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தை) தயார் செய்ய ஓரிரு நிமிடம் ஆகும். ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் வைஃபை சிப்பின் டிரைவர் தவறாக இருக்கலாம். வெளியே ஒரே மாடல் எண் இருக்கும். உள்ளே ஒன்றில் ரியல்டெக் சிப், இன்னொன்றில் ஆல்ட்டோபீம் சிப். மாடல் பெயரை நம்பி இமேஜைத் தேர்ந்தெடுத்தவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. கேமராவைத் திறந்து சிப்பின் மேலுள்ள எழுத்தைப் படித்து, அதற்கான இமேஜை எடுக்க வேண்டும்.

அறிகுறி: எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது

முதலில் அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள். நீளமான, மெல்லிய யூஎஸ்பி கேபிளில் மின்னழுத்தம் இறங்கிவிடும். வைஃபையோ இரவு விளக்குகளோ உயிர்பெறும் நொடியில் மின்சாரம் போதாமல் பிராசசர் ரீசெட் ஆகும். பார்ப்பதற்கு ஃபர்ம்வேர் கோளாறு மாதிரியே இருக்கும். பலவீனமான அடாப்டரோடு ஃபிளாஷ் எழுதப் போனால் பாதியில் நின்று நிஜமாகவே பிரிக் ஆகிவிடும் என்பதால், இந்தச் சோதனையை யாரும் தாண்டிப் போகக் கூடாது.

பவர் சரி என்றால், ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் திரும்பத் திரும்ப விழுந்தால் பூட்லோடரிலேயே சிக்கல். அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் கெர்னல் பேனிக் (கெர்னல் மேலே தொடர முடியாமல் நின்றுபோவது) ஆக இருக்கலாம். ஓப்பன்ஐபிசி என்ற கஸ்டம் ஃபர்ம்வேரில் பேனிக் வந்தால் 20 நொடி காத்திருந்து ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பூட் அமைப்பிலேயே எழுதியிருக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் உயிரோடு இருந்துவிட்டு விழுகிறதா? அப்படியானால் லினக்ஸ் எழுந்துவிட்டது. ஸ்ட்ரீமர் செத்து வாட்ச்டாக் (கேமரா தொங்கினால் ரீசெட் செய்யும் காவல் டைமர்) உதைக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தவறான சென்சார் டிரைவர், பற்றாத ரேம் இரண்டும் இப்படித்தான் வெளிப்படும்.

அறிகுறி: லைட் ஒரே நிறத்தில் நிற்கிறது, வேறு அசைவில்லை

பூட்லோடர் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கேமராவைத் திறக்காமலே மெமரி கார்டு வழியாக மீட்க முயலலாம்.

பல கேமராக்களில் தயாரிப்பாளரின் யூ-பூட், பட்டனை அழுத்தியபடி பவர் கொடுத்தால் கார்டில் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். வைஸ் கேம் இரண்டாம் பதிப்பில் அந்தப் பெயர் 'டெமோ.பின்', மூன்றாம் பதிப்பில் 'டெமோ_டபிள்யூசிவி3.பின்'. ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இருக்க வேண்டும். கார்டை மாட்டி, செட்டப் பட்டனை அழுத்திப் பிடித்து, அப்புறம்தான் பவர். இரண்டாம் பதிப்பில் லைட் நீலமாகும்போதும் மூன்றாம் பதிப்பில் ஊதாவாகும்போதும் பட்டனை விட்டுவிட்டு, நான்கைந்து நிமிடம் தொடாமல் காத்திருக்க வேண்டும்.

இது வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் கார்டுதான் காரணம். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான கார்டு, ஃபேட்32 முறையில், ஒரே பார்ட்டிஷனாக இருக்க வேண்டும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும்; பழைய யூ-பூட்டுக்கு அது புரியாது. அதேபோல விண்டோஸ் கோப்பு நீட்சியை மறைத்து வைத்திருந்தால், நீங்கள் 'டெமோ.பின்' என்று பெயர் மாற்றும்போது உண்மையில் 'டெமோ.பின்.பின்' என்று ஆகியிருக்கும். நீட்சியைக் காட்டும்படி அமைப்பை மாற்றிவிட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பழைய, சிறிய, மெதுவான கார்டுகளே இதற்கு நன்றாக ஒத்துழைக்கின்றன.

ஒரு நிபந்தனை: கஸ்டம் ஃபர்ம்வேர் பூட்லோடரையும் மாற்றியிருந்தால், பழைய கோப்புப் பெயரைத் தேட அங்கே யாரும் இல்லை. புதிய பூட்லோடர் எந்தப் பெயரைத் தேடும் என்று பார்க்க வேண்டும். திங்கினோவில் முழு இமேஜுக்கு அது 'ஆட்டோஅப்டேட்-ஃபுல்.பின்'. பூட்லோடரைத் தொட்டோமா இல்லையா என்பதே தெரியவில்லை என்றால், இரண்டு பெயரிலும் உரிய கோப்புகளைப் போட்டுக் குழப்பாதீர்கள். ஒவ்வொன்றாக முயலுங்கள். கார்டு வழி ஒத்துவரவில்லை என்றால் அடுத்தது சீரியல், அதாவது கேமரா எழும்போது எழுத்துகளாகச் சொல்வதைக் கம்பி வழியாகக் கணினியில் படிப்பது.

சீரியல் மாட்டி, கேமரா சொல்வதைக் கேட்பது

இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பெரிய பலன் தந்தது இந்தப் பகுதிதான். யூஎஸ்பி-டிடிஎல் மாற்றி ஒன்று வேண்டும். சிபி2102, சிஎச்340, எஃப்டி232 எதுவானாலும் சரி. அதில் 5 வோல்ட், 3.3 வோல்ட் தேர்வு இருந்தால் 3.3ல் வையுங்கள். கேமராவுக்கு மூன்று கம்பிதான்: கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது). மாற்றியின் பவர் பின்னை மாட்டவே கூடாது. கேமராவுக்கு அதன் சொந்த அடாப்டரே பவர் தரட்டும்.

பலகையில் மூன்று நான்கு வெற்றுப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, யூஎஸ்பி போர்ட்டின் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அது கிரவுண்ட். பிறகு டிசி வோல்ட்டில் வைத்து, கேமராவுக்குப் பவர் கொடுக்கும் நொடியில் மற்றப் புள்ளிகளைப் பாருங்கள். 3.3 வோல்ட்டை ஒட்டி நின்று, எழும் நேரத்தில் மட்டும் சற்றே துள்ளுவது கேமராவின் டிஎக்ஸ். அதை மாற்றியின் ஆர்எக்ஸில் மாட்ட வேண்டும். குறுக்காகத்தான் மாட்ட வேண்டும் என்பது பலருக்கு முதல் தடவை தவறிப்போகும். முதலில் கிரவுண்டும் இந்த ஒரு கம்பியும் போதும், கேட்பதற்கு.

வேகம் 115200, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். விண்டோஸில் புட்டி, லினக்ஸில் பிகோகாம். திரையில் வருவதையெல்லாம் கோப்பில் சேமிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் பவர் கொடுங்கள்.

மூன்றாவது கம்பியையும் மாட்டியபின் கேமரா விசித்திரமாக நடந்துகொண்டால் பயப்பட வேண்டாம். பவர் எடுத்த பிறகும் மாற்றியின் டிஎக்ஸ் வழியாகச் சிறிது மின்சாரம் பிராசசருக்குள் கசிந்துகொண்டிருக்கும். கேமரா முழுவதும் அணையாமல் பாதி மயக்கத்தில் இருந்து, சரியாக எழாது. அந்தக் கம்பியைக் கழற்றி, சில நொடி விட்டு, பவர் கொடுத்த உடனே மாட்டினால் சரியாகிவிடும். நல்ல நிலையில் உள்ள கேமராவையும் செத்ததாக நினைக்கவைக்கும் விஷயம் இது.

சீரியலில் என்ன வந்தது?

குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தவறு, அல்லது கிரவுண்ட் சரியாகத் தொடவில்லை. கேமரா பேசுகிறது என்பதே நல்ல செய்தி.

முதல் ஒன்றிரண்டு வரியோடு நின்றுவிட்டதா? இன்ஜெனிக் சிப்களில் 'யூ-பூட் எஸ்பிஎல் 2013.07' என்றும், ஹைசிலிக்கானில் 'சிஸ்டம் ஸ்டார்ட்அப்' என்றும் தொடங்கும். அதோடு மௌனம் என்றால், ரேமைத் தயார் செய்யும் இடத்தில் நிற்கிறது. பெரும்பாலும் வேறு ரகச் சிப்புக்கான யூ-பூட்டை எழுதியிருப்பீர்கள். இன்ஜெனிக் டி31 என்பது ஒரே சிப் அல்ல. டி31என், டி31எல் இரண்டிலும் 64 எம்பி ரேம். டி31எக்ஸில் 128 எம்பி. கடைசி எழுத்து மாறினால் பூட்லோடரும் மாற வேண்டும். இந்த நிலையில் சீரியலில் தட்டச்சு செய்து பயனில்லை. கீழே 'முழு மௌனம்' பகுதிக்குப் போங்கள்.

'பேட் சிஆர்சி, யூசிங் டீஃபால்ட் என்விரான்மென்ட்' என்ற வரியைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். யூ-பூட்டின் அமைப்புகள் இன்னும் சேமிக்கப்படவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். புதிதாக எழுதப்பட்ட கேமராவில் அது இயல்பு.

'பேட் மேஜிக் நம்பர்', 'ராங் இமேஜ் ஃபார்மட்', 'பேட் டேட்டா சிஆர்சி' என்று கெர்னல் ஏற்றும் இடத்தில் வந்தால், கெர்னல் இருக்க வேண்டிய முகவரியில் கெர்னல் இல்லை, அல்லது பாதி எழுதி நின்றிருக்கிறது. யூ-பூட் நலம். கெர்னல், ரூட் இரண்டையும் மறுபடி எழுதினால் போதும்.

'கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(31,3)' என்பதைச் சற்று நின்று படிக்க வேண்டும். 31 என்பது ஃபிளாஷ் பார்ட்டிஷன்களுக்கான எண். 3 என்பது நான்காவது பார்ட்டிஷன், ஏனென்றால் எண்ணிக்கை 0இல் தொடங்குகிறது. ஓப்பன்ஐபிசியில் 8 எம்பி சிப்பின் பங்கீடு இப்படி: பூட் 256 கேபி, அமைப்புகள் 64 கேபி, கெர்னல் 2048 கேபி, ரூட் 5120 கேபி, மிச்சம் ஓவர்லே. 16 எம்பி சிப்பில் கெர்னல் 3072 கேபி, ரூட் 10240 கேபி. கூட்டிப் பாருங்கள்: முதலாவதில் ரூட் 2368ஆவது கேபியில் தொடங்குகிறது, இரண்டாவதில் 3392இல். 8 எம்பிக்கான முகவரிகளில் எழுதிவிட்டு, யூ-பூட் அமைப்பில் மட்டும் 16 எம்பிக்கான பங்கீடு இருந்தால், ஒவ்வொரு கோப்பும் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். கெர்னல் தேடும் இடம்தான் தவறாக இருக்கும். அப்படியிருந்தால் எதையும் அழிக்கத் தேவையில்லை. யூ-பூட்டில் 'பிரிண்ட்என்வ்' கொடுத்து பங்கீட்டைச் சொல்லும் 'எம்டிடிபார்ட்ஸ்' வரியைச் சரிபார்த்து, திருத்தி, 'சேவ்என்வ்' கொடுத்தால் எழுந்துவிடலாம்.

'மேஜிக் பிட்மாஸ்க் 0எக்ஸ்1985 நாட் ஃபவுண்ட்' என்று பக்கம் பக்கமாக ஓடினால், ஓவர்லே இருக்க வேண்டிய இடத்தில் பழைய ஃபர்ம்வேரின் மிச்சம் கிடக்கிறது. அந்தப் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிடுங்கள். அடுத்தமுறை எழும்போது தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

கடைசியில் 'லாகின்' என்று வந்து நிற்கிறதா? ஃபர்ம்வேர் முழுமையாக எழுந்துவிட்டது. உள்ளே நுழைந்து வைஃபை அமைப்பைப் பாருங்கள்.

யூ-பூட் வழியாக மீண்டும் எழுதுவது

பவர் கொடுத்த உடன் என்டரைத் தட்டிக்கொண்டே இருந்தால், அல்லது கன்ட்ரோல்-சி கொடுத்தால், யூ-பூட் நின்று உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும். சில கேமராக்களில் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாக வைக்கப்பட்டிருக்கும். எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் நிற்காது. அதற்கும் ஒரு வழி உண்டு, சற்று நேரத்தில் சொல்கிறேன்.

முதல் வேலை நகல். 'எஸ்எஃப் ப்ரோப் 0' கொடுத்தால் சிப்பின் பெயரும் அளவும் வரும். 'எஸ்எஃப் ரீட்' மூலம் முழுவதையும் ரேமுக்கு எடுத்து, டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எளிய முறை) வழியாகவோ கார்டுக்கோ அனுப்புங்கள். ரேமில் எடுத்து வைக்கும் முகவரி சிப்புக்குச் சிப் மாறும்: ஹைசிலிக்கானில் 42000000, இன்ஜெனிக்கில் 80600000, சிக்மாஸ்டாரில் 21000000, எல்லாம் பதினாறடிமான எண்கள். நகலின் அளவு 8 எம்பி சிப்புக்குச் சரியாக 8388608 பைட், 16 எம்பிக்கு 16777216 பைட். ஒரு பைட் குறைந்தாலும் அது நகல் இல்லை.

அடுத்து எழுதுவது. இங்கே நான் ஒரு கேமராவைக் கெடுத்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பதிவிறக்கு, அழி, எழுது என்று மூன்று கட்டளைகளையும் ஒன்றாக நகலெடுத்துத் திரையில் ஒட்டினேன். கணினியின் ஃபயர்வால், டிஎஃப்டிபி பயன்படுத்தும் யூடிபி 69 போர்ட்டைத் தடுத்திருந்தது, பதிவிறக்கம் நடக்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டு கட்டளைகளும் காத்திருக்காமல் ஓடிவிட்டன. கெர்னல் அழிந்து, ரேமில் ஏற்கெனவே கிடந்த குப்பை அதன் இடத்தில் எழுதப்பட்டது. அந்தத் தடவை போனது கெர்னல் என்பதால் மறுபடி எழுதித் தப்பித்தேன். அதுவே முகவரி 0 ஆக இருந்திருந்தால் பூட்லோடர் போயிருக்கும்.

அதனால் ஒரு வரி கொடுத்து, பதிலைப் படித்து, அப்புறம் அடுத்த வரி. பதிவிறக்கம் முடிந்ததும் 'பைட்ஸ் டிரான்ஸ்ஃபர்டு' என்று வரும் எண்ணைக் கணினியில் உள்ள கோப்பின் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால்தான் 'எஸ்எஃப் இரேஸ்', பிறகு 'எஸ்எஃப் ரைட்'. மேலே சொன்ன 8 எம்பி பங்கீட்டில், பதினாறடிமான எண்களில், கெர்னல் 50000இல் தொடங்கி 200000 நீளம். ரூட் 250000இல் தொடங்கி 500000 நீளம். எழுதிய பின் அதே இடத்தை மறுபடி ரேமுக்குப் படித்து, சிஆர்சியை (தரவு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிட்டுவிட்டு ரீசெட் கொடுங்கள். பூட்லோடர் பேசிக்கொண்டிருக்கும்வரை பூட்லோடரை எழுதாதீர்கள், 'புதியது' என்று யார் சொன்னாலும்.

கேமராவில் ஈத்தர்நெட் போர்ட் இல்லையென்றால் டிஎஃப்டிபி கிடையாது. யூ-பூட்டுக்கு வைஃபை தெரியாது. கார்டிலிருந்து 'ஃபேட்லோட்' மூலம் ஏற்றலாம். அந்த யூ-பூட்டில் அந்தக் கட்டளையும் நீக்கப்பட்டிருந்தால், 'லோட்ஒய்' மூலம் சீரியலிலேயே அனுப்பலாம். 115200 வேகத்தில் 5 எம்பி அனுப்ப எட்டு நிமிடம் போலப் பிடிக்கும். காத்திருப்பதில் தவறில்லை.

அறிகுறி: முழு மௌனம்

சீரியலில் ஓர் எழுத்தும் இல்லை. முதலில் ஃபிளாஷ் சிப்பின் 8ஆம் காலில் 3.3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சிப்பின் மூலையில் புள்ளி இருப்பது 1ஆம் கால். அந்த வரிசையில் 1 முதல் 4, எதிர்வரிசையில் 4க்கு நேரே 5, 1க்கு நேரே 8. கிரவுண்ட் 4இல். அங்கே மின்சாரமே இல்லையென்றால் இது ஃபர்ம்வேர் கதையே அல்ல, ரெகுலேட்டர் போயிருக்கிறது. சில பலகைகளில் 1.8 வோல்ட் ஃபிளாஷ் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்சாரம் இருந்தால் பூட் ரோமிடம் பேச முயலலாம். ஹைசிலிக்கானில் பூட் ரோம், எழும் நொடியில் சீரியலில் யாராவது பூட்லோடர் அனுப்புகிறார்களா என்று பார்க்கும். ஓப்பன்ஐபிசியின் 'பர்ன்' கருவியைக் கணினியில் ஓடவிட்டு, பவர் கொடுத்தால், யூ-பூட்டை நேராக ரேமில் ஏற்றி ஓட்டிவிடும். அங்கிருந்து மேலே சொன்ன வழிதான்.

இன்ஜெனிக்கில் வேறு வழி. ஃபிளாஷிலிருந்து பூட்லோடரைப் படிக்க முடியவில்லை என்றால் பூட் ரோம் யூஎஸ்பி நிலைக்குப் போகும். பவர் கொடுக்கும் நொடியில் ஃபிளாஷின் 5, 6ஆம் கால்களை நுண்ணிய இடுக்கியால் ஒன்றோடொன்று தொடவைத்து, ஒரு நொடியில் எடுத்துவிட்டால் போதும். கணினியில் ஏ108 என்ற தயாரிப்பாளர் எண்ணோடு ஒரு யூஎஸ்பி கருவி தோன்றும். இன்ஜெனிக் குளோனர் கருவியால் அதன் வழியே எழுதலாம். இதற்குக் கேமராவின் பவர் போர்ட்டில் டேட்டா கம்பிகளும் பிராசசர்வரை போயிருக்க வேண்டும். கேபிளும் சார்ஜிங் மட்டும் செய்யும் கேபிளாக இருக்கக் கூடாது.

நேரம் பூஜ்யமாக வைக்கப்பட்ட யூ-பூட்டை நிறுத்தும் வழி என்று சொன்னேனே, அதுவும் இதே கால்கள்தான். யூ-பூட் பேசத் தொடங்கி, கெர்னலைப் படிக்கப் போகும் நொடியில் 5ஐயும் 6ஐயும் தொடவைத்தால், கெர்னல் குப்பையாகப் படிக்கப்பட்டு, யூ-பூட் கட்டளை நிலையில் நிற்கும். சில முறை தவறும், பொறுமையாக முயலுங்கள். இடுக்கி வழுக்கி 8ஆம் காலைத் தொட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வழி, கிளிப்பும் புரோகிராமரும்

சிஎச்341ஏ புரோகிராமரும் எட்டுக் கால் கிளிப்பும் பலர் கையில் இருக்கும். பரவலாக விற்கும் கறுப்புப் பலகையில் ஒரு வடிவமைப்புக் குறை உண்டு: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வரும். பிராசசர் பலகையிலேயே இருக்கும்போது அந்த 5 வோல்ட் அதற்கும் போகும். திருத்தப்பட்ட பலகை, அல்லது மின்னழுத்தத் தேர்வுள்ள பலகையே நல்லது. 1.8 வோல்ட் சிப்பாக இருந்தால் அதற்கான அடாப்டர் இல்லாமல் மாட்டவே கூடாது.

கேமராவின் அடாப்டரைக் கழற்றிவிட்டு கிளிப்பை மாட்டி, முதலில் அடையாள எண்ணைக் கேளுங்கள். வின்பாண்ட் 8 எம்பி என்றால் ஈஎஃப் 40 17, 16 எம்பி என்றால் ஈஎஃப் 40 18. கிகாடிவைஸ் என்றால் தொடக்கம் சி8. எல்லாம் எஃப்எஃப் அல்லது எல்லாம் 00 என்று வந்தால் கிளிப் சரியாகக் கடிக்கவில்லை. கால்களைக் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

அடையாளம் சரியாக வந்தால், ஃபிளாஷ்ராம் கருவியால் முழுச் சிப்பையும் இருமுறை படித்து, இரண்டு கோப்புகளின் ஹேஷையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். மாறுபட்டால் எழுதவே கூடாது. காரணம் பெரும்பாலும், கிளிப் கொடுக்கும் மின்சாரத்தில் பிராசசரும் எழுந்து அதே ஃபிளாஷைப் படிக்க முயல்வது. பிராசசரை ரீசெட்டில் பிடித்து வைக்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் சிப்பைப் பலகையிலிருந்து எடுத்துப் படிப்பதே நிம்மதி.

எழுதுவதற்கு எதை எடுப்பது? உங்கள் கேமராவில், ஃபர்ம்வேர் மாற்றுவதற்கு முன் நீங்கள் எடுத்த நகல் இருந்தால் அதுதான் உத்தமம். வேறொருவர் கேமராவின் முழு நகலை எழுதினால் அது எழுந்துவிடலாம், ஆனால் அவருடைய மேக் முகவரி, கருவி அடையாளம், சாவிகள் எல்லாம் உங்கள் கேமராவுக்கு வந்துவிடும். உங்கள் நகலை அடுத்தவருக்குக் கொடுத்தாலும் இதே கதை. உள்ளே உங்கள் வைஃபை கடவுச்சொல் படிக்கும்படியாகவே கிடக்கலாம். வீட்டுக்குள் பார்க்கும் கண் இது, தயவுசெய்து கொடுக்காதீர்கள். சொந்த நகல் இல்லாதவர்கள், சரியான சிப்புக்கான கஸ்டம் ஃபர்ம்வேர் முழு இமேஜை எழுதி, யூ-பூட் அமைப்பில் சொந்த மேக் முகவரியைக் கொடுப்பதே முறை. அது பெரும்பாலும் கேமராவின் அடியிலுள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

புதிய கேமராக்கள் சிலவற்றில், தயாரிப்பாளர் கையொப்பம் இல்லாத பூட்லோடரைப் பிராசசரே மறுக்கும். அவற்றில் அசல் நகலைத் தவிர வேறு எதை எழுதினாலும் எழாது. அசல் நகலும் இல்லையென்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பிராசசர் தொட முடியாத அளவு சுட்டாலும் அப்படித்தான்.

எழுந்துவிட்டது, படம் சரியில்லை

படமே கறுப்பு என்றால் சென்சார் பெயர் தவறு. அசல் ஃபர்ம்வேரின் நகல் இருந்தால், அதற்குள் ஜேஎக்ஸ்எஃப்23, ஜிசி2053 போன்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். எந்த டிரைவரைப் பயன்படுத்தினார்கள் என்ற தடயம் கிடைக்கும்.

பகலில் எல்லாம் இளஞ்சிவப்பாக, இலைகள் வெளிறித் தெரிந்தால், லென்ஸுக்குப் பின்னால் உள்ள அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி விலகியே நிற்கிறது. அதை நகர்த்தும் சிறு காந்தச்சுருளின் ஜிபிஐஓ (பிராசசரின் கட்டுப்பாட்டுக் கால்) எண்கள் தவறு, அல்லது இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. சோதிக்கும்போது ஒரு துடிப்பு மட்டும் கொடுத்து உடனே அணையுங்கள். தொடர்ந்து மின்சாரம் விட்டால் சுருள் எரிந்துவிடும், அதற்கு எந்த ஃபர்ம்வேரும் மருந்தில்லை.

எல்லாம் சரியான பிறகு, இப்போது நன்றாக இருக்கும் ஃபிளாஷை இன்னொரு முறை முழுவதும் நகலெடுத்து, சீரியல் பதிவோடு சேர்த்து ஒரே கோப்புறையில் வையுங்கள். பிராசசர், ஃபிளாஷ், சென்சார், வைஃபை சிப் நான்கின் பெயரையும் ஒரு சிறு தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன், மேசையிலேயே ஓர் இரவு முழுக்க இருட்டில் ஓடவிட்டு, இரவு விளக்குகள் எரியும்போதும் ரீஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறதா என்று காலையில் அப்டைமை (நிற்காமல் ஓடிய நேரத்தை) பாருங்கள்.